அடைக்கலப் பொருளும் அயல்நாட்டு அலுவலகமும்

மாந்தர் செய்யும் தொழில்கள் பலவற்றின் தன்மை பார்த்த மாத்திரத்திலேயே விளங்கிவிடும். குயவன் பானை வனைகிறான். உழவன் நெல் விளைக்கிறான். வைத்தியன் நோய் தீர்க்கிறான். ஆனால் பிறருடைய பொருளைத் தன் பொறுப்பில் வாங்கி, அதனைப் பெருக்கித் தருவதாகச் சொல்லி, அப்பெருக்கத்தில் தானும் ஒரு பங்கு பெறுகிறவனுடைய தொழிலை என்னவென்று கொள்வது? அவன் காவலனா, வணிகனா, அன்றிச் சூதாடியா? இக்கேள்வி இன்று நம் ஸ்ரீரங்கத்து வீதிகளில் வீட்டுக்கு வீடு எழத்தக்க கேள்வியாகிவிட்டது. ஆகவே அடியேனுடைய சிற்றறிவுக்கு எட்டிய அளவில் அதனை ஆராய முற்படுகிறேன்.

முற்காலத்தில் இவ்வூர்ப் பிள்ளைகள் திருச்சிராப்பள்ளியில் பட்டம் பெற்று, பொன்மலை ரயில்வே பணிமனையிலோ, கலெக்டர் கச்சேரியிலோ, சென்னையில் ஒரு கணக்கு அலுவலகத்திலோ அமர்ந்தனர். பின்னர் 1964-இல் திருச்சியில் மண்டலப் பொறியியற் கல்லூரி தோன்றியது. இன்று அது தேசிய தொழில்நுட்பக் கழகம். 1984-இல் பாரதிதாசன் மேலாண்மைக் கழகமும், 2011-இல் இந்திய மேலாண்மைக் கழகமும் இந்நகருக்கு வந்தன. இவற்றிலும் இவைபோன்ற பிற இடங்களிலும் கற்ற இளைஞர் பலர் இலண்டனிலும் நியூயார்க்கிலும் சிங்கப்பூரிலும் இன்வெஸ்ட்மெண்ட் பாங்க் எனப்படும் முதலீட்டு வங்கிகளில் உத்தியோகம் பார்க்கின்றனர். சித்திரை வீதியிலும் உத்தர வீதியிலும் வயோதிகத் தாய் தந்தையர் மட்டும் குடியிருக்கும் வீடுகள் பெருகியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதலீட்டு வங்கி என்பது நம் தெருக்கோடியில் உள்ள பாங்க் போன்றதன்று. அங்கே பாஸ்புத்தகம் கிடையாது, நகைக்கடன் கிடையாது. கம்பெனிகளுக்குப் பங்கும் கடன் பத்திரமும் விற்றுப் பணம் திரட்டித் தருவது, ஒரு கம்பெனியை மற்றொன்று வாங்கும்போது இன்ன விலை தகும் என ஆலோசனை கூறுவது, சந்தையில் வாங்கி விற்பது ஆகியவை அதன் காரியங்கள். அவ்வலுவலகத்தில் வாடிக்கையாளரோடும் சந்தையோடும் நேரே பேசுவோர் ஒரு சாரார். அபாயத்தை அளந்து எச்சரிப்போர் ஒரு சாரார். நடந்த பேரங்களைக் கணக்கில் ஏற்றிப் பணமும் பத்திரமும் சரியாகக் கைமாறினவா எனப் பார்ப்போர் மற்றொரு சாரார். முதற் சாராருக்கே பெயரும் ஊதியமும் மிகுதி. கடைசிச் சாராரைப் பின்கட்டு அலுவலர் என்றே அழைக்கிறார்கள்.

அங்கே இளையவர்களுடைய நாள் எவ்வாறு கழிகிறது என்பதைக் கேட்டால் வியப்பும் வருத்தமும் ஒருங்கே உண்டாகின்றன. 2021 மார்ச் மாதத்தில், கோல்ட்மன் ஸாக்ஸ் என்னும் பெரிய வங்கியில் முதலாண்டுப் பணியாளர் 13 பேர் தங்கள் நிலையைத் தாங்களே தொகுத்து எழுதிய அறிக்கை வெளியுலகுக்குத் தெரியவந்தது. வாரத்தில் சராசரியாக 95 மணி நேரம் வேலை. இரவில் உறக்கம் ஐந்து மணி நேரம். வாரம் முழுவதற்கும் உள்ளவை 168 மணி நேரமே. அவற்றுள் 95 போனால், எஞ்சியதில் நீராடலும் உணவும் உறக்கமும் போக, அநுஷ்டானத்திற்கும் ஆத்மசிந்தனைக்கும் எங்கே இடம்? இதனை வெறும் உடல் உழைப்பின் பிரச்சினை என்று தள்ளிவிடலாகாது. உறக்கம் இழந்த புத்தி விவேகத்தையும் இழக்கிறது. இது தகும், இது தகாது எனப் பகுத்தறிய வேண்டிய வேளை அவ்வலுவலகத்தில் பெரும்பாலும் நள்ளிரவு கடந்துதான் வருகிறது.

இனி, இத்தொழில் தன்னளவில் நிந்திக்கத்தக்கதா என்பதை முதலில் பார்ப்போம். பணத்தைக்கொண்டு பணம் பண்ணுவது பாபமே என்று பெரியவர்கள் சிலர் ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றனர். சாஸ்திரம் அவ்வாறு முடிக்கவில்லை. மநு வகுத்த பதினெட்டு வழக்கு வகைகளில் கடனுக்கு அடுத்தபடியாக, இரண்டாவதாக வைக்கப்பட்டது நிக்ஷேபம். நம்பிக் கொடுத்து வைத்த பொருள் என்பது அதன் பொருள். கௌடில்யர் தமது அர்த்தசாஸ்திரத்தில் அடைக்கலப் பொருளுக்கெனத் தனிப் பகுதியே வகுத்தார். அரசப் பொருளை அதிகாரிகள் கவர்வதற்குரிய உபாயங்கள் நாற்பது என எண்ணியும் காட்டினார். பிறர் பொருளைக் காக்கும் தொழிலை நம் முன்னோர் விலக்கவில்லை. அதன்கண் நுழையக்கூடிய கள்ளத்தையே விலக்கினர்.

இத்தொழிலுக்கு ஓர் உத்தம திருஷ்டாந்தமும் நமக்கு உண்டு. அது பரதாழ்வான். தமையன் திருவடிநிலைகளைச் சிங்காதனத்தில் எழுந்தருளப் பண்ணி, இராஜ்யத்தை அடைக்கலப் பொருளாகவே பாவித்து, நந்திக்கிராமத்தில் மரவுரி தரித்துப் பதினான்கு ஆண்டுகள் அரசு செய்தான். அந்தப் பாதுகைகளைப் பற்றியே ஸ்ரீமத் வேதாந்த தேசிகன் இத்திருவரங்கத்தில் ஆயிரத்தெட்டு சுலோகங்கள் அருளிச்செய்தார் என்பதை அன்பர்கள் அறிவர். நாம் பெரும்பாலும் மறந்துவிடும் செய்தி ஒன்றுண்டு. இராமபிரான் மீண்டபோது பரதன் இராஜ்யத்தை வாங்கிய அளவில் திருப்பித் தரவில்லை. கருவூலமும் களஞ்சியமும் சேனையும் பத்து மடங்காகப் பெருகியிருப்பதைக் கணக்குக் காட்டி ஒப்படைத்தான் என்று வால்மீகி பகவான் சொல்கிறார். ஆகவே பிறர் பொருளைப் பெருக்குவது பாபமன்று. காப்பவனுடைய கடமையே ஆகலாம். பரதனிடத்தில் நாம் கற்க வேண்டியது அவன் பெருக்கியதன்று. பெருகியதில் எதனையும் தன்னுடையதாக நினையாதிருந்ததேயாம். எந்த நாளில் உடையவன் வந்து கேட்டாலும் அன்றே கணக்கை ஒப்படைக்கும் நிலையில் அவன் இருந்தான்.

எல்லோரும் மரவுரி உடுத்த வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. உழைத்தவனுக்குக் கூலி தர்மமே. கேள்வி வேறு. கூலி எங்கே முடிகிறது, கவர்தல் எங்கே தொடங்குகிறது என்பதே கேள்வி. அந்த எல்லைக்கோடு சிறைச்சாலையின் வாயிலில் வரையப்பட்டிருப்பதாக உலகம் எண்ணுகிறது. அன்றாட அலுவலில், யாரும் காணாத மிகச் சிறிய இடத்தில் அது வரையப்பட்டிருக்கிறது என்பதே அடியேன் கருத்து.

இதனை விளக்க, விடுமுறைக்கு ஊர் வந்திருந்த ஓர் இளைஞர் கேட்ட கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். அவர் பெயரும் அவருடைய வங்கியின் பெயரும் இங்கு வேண்டா. கம்பெனிகளுக்கு விலை மதிப்பிடுவது அவருடைய வேலை. அக்கணக்கின் முறையை ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார். ஒரு கம்பெனி ஆண்டுக்கு நூறு கோடி ரூபாய் ஈட்டப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிர்காலப் பணத்தை இன்றைய மதிப்பாக்குவதற்கு 10 சதவீதம் என ஓர் அளவு கொள்கிறார்கள். வருமானம் ஆண்டுதோறும் 4 சதவீதம் வளரும் என்று கொண்டால், பத்திலிருந்து நான்கு போக ஆறு. நூறு கோடியை 6 சதவீதத்தால் வகுத்தால் கம்பெனியின் மதிப்பு ஏறக்குறைய 1,667 கோடி. வளர்ச்சி 5 சதவீதம் என்று கொண்டால் மதிப்பு 2,000 கோடி. நான்கு என்னும் இலக்கத்தை ஐந்தாக்கிய அளவில் 333 கோடி ரூபாய் பிறந்துவிடுகிறது. கம்ப்யூட்டரில் ஒரு கட்டத்தில் ஓர் இலக்கத்தை மாற்ற எத்தனை நேரம் ஆகும்?

அவருடைய மேலதிகாரி, "விலை இரண்டாயிரத்தைத் தொட வேண்டும், வளர்ச்சியைச் சற்றுப் பார்த்துப் போடும்" என்றாராம். இளைஞர் கேட்டார்: "மாமா, நான் பொய் சொல்லவில்லையே? நான்கு என்பதும் ஊகம், ஐந்து என்பதும் ஊகம். எதிர்காலத்தை யார் கண்டார்?"

இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. எதிர்காலத்தைப் பற்றிய வார்த்தை பலிக்காமற் போனால் அதனைப் பொய் என்பதற்கில்லை. மழை வரும் என்று நம்பிச் சொன்னவன், மழை பொய்த்ததனால் பொய்யன் ஆகான். ஸத்யம் என்பதற்குப் பெரியோர் கண்ட இலக்கணம், மனமும் வாக்கும் ஒத்திருத்தல் என்பதாகும். ஆகவே இலக்கம் நான்கா ஐந்தா என்று பார்த்துப் பயனில்லை. முதலில் வந்தது எது என்று பார்க்க வேண்டும். கம்பெனியை ஆராய்ந்து, ஐந்து சதவீதம் வளரும் என்ற நம்பிக்கை முதலில் உண்டாகி, அதன் பயனாக இரண்டாயிரம் கோடி என்ற விலை பிறந்தால், அது அபிப்பிராயம். இரண்டாயிரம் கோடி என்ற விலை முதலில் தீர்மானமாகி, அதற்கு ஏற்ப ஐந்து என்ற நம்பிக்கை பின்னர் வரவழைக்கப்பட்டால், அது பொய். காகிதத்தில் இரண்டும் ஒரே உருவத்தில் இருக்கும். எந்தத் தணிக்கையாளரும் வேறுபாட்டைக் கண்டுபிடிக்க இயலாது. கண்டுபிடிக்க வல்லவன் அந்த இலக்கத்தைத் தட்டியவன் ஒருவனே.

இதற்கும் ஒரு மறுப்பு உண்டு. வக்கீல் தம் கட்சிக்காரருக்காக வாதாடுவதில்லையா? விற்பவருக்காக அமர்த்தப்பட்ட வங்கியாளர் உயர்ந்த விலை கேட்பதில் குற்றம் என்ன? வாங்குபவரும் தமக்கென ஒரு வங்கியாளரை வைத்திருக்கிறாரே? இம்மறுப்பில் நியாயம் உண்டு. தன்னை நம்பியவருக்காகப் பரிந்து பேசுவது தர்மமே. ஆனால் வக்கீல் என்று தெரிந்துதான் நீதிபதி அவர் பேச்சைக் கேட்கிறார். வாதத்தை வாதம் என்று சொல்லி வைப்பது ஒன்று. வாதத்தை நடுநிலையான மதிப்பீடு என்று பெயரிட்டு, கையொப்பமிட்டு, பங்கு வாங்கப்போகும் பொதுமக்கள் முன் வைப்பது மற்றொன்று. அந்தப் பொதுமக்களில் நம் வீதியில் ஓய்வூதியம் பெறுகிறவரும் இருக்கலாம். அவருக்குத் தனி வங்கியாளர் எவரும் இல்லை.

அடுத்ததாக, ஒரே கையில் இரு சாவிகள் சேரும் அபாயத்தைக் கூறவேண்டும். திருக்கோயில்களில் திருவாபரணப் பெட்டகத்தை ஒருவரே தனித்துத் திறக்கும்படி விடுவதில்லை. சாவிகள் வெவ்வேறு கைகளில் இருக்கும். எடுக்கும்போதும் வைக்கும்போதும் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பர். இம்முறை யாரையும் அவமதிப்பதன்று. நல்லவனுக்கும் ஒரு பலவீனமான வேளை வரக்கூடும் என்றறிந்து அவனைக் காப்பதற்காக ஏற்பட்டது. 1762-இல் தோன்றிய பேரிங்ஸ் என்னும் இலண்டன் வங்கி 1995 பிப்ரவரியில் ஒரே இளைஞனால் வீழ்ந்த கதை இதற்குச் சான்று. நிக் லீஸன் என்பவனுக்குச் சிங்கப்பூரில் பேரம் செய்யும் அதிகாரமும், அப்பேரங்களைக் கணக்கில் ஏற்றும் அதிகாரமும் சேர்த்தே கொடுக்கப்பட்டிருந்தன. நஷ்டங்களை 88888 என்ற எண்ணுள்ள கணக்கில் மறைத்தான். இலாபக்காரன் என்று மேலிடம் அவனைக் கொண்டாடியது. அவ்வாண்டு ஜனவரியில் ஜப்பானின் கோபே நகரில் ஏற்பட்ட பூகம்பம் சந்தையைக் குலைக்க, நஷ்டம் மொத்தத்தில் 82 கோடியே 70 இலட்சம் பவுன் ஆயிற்று. 233 ஆண்டு வாழ்ந்த வங்கி ஒரே ஒரு பவுனுக்கு ஓர் டச்சு நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. முதல் நஷ்டத்தை மறைத்த அன்று அவன் தன்னைத் திருடன் என்று எண்ணியிருக்கமாட்டான். அடுத்த வாரம் சரிசெய்துவிடலாம் என்றே எண்ணியிருப்பான். நாளை சரிசெய்துவிடலாம் என்று இன்று மறைப்பது, அடைக்கலப் பொருளில் கை வைப்பவர் அனைவருக்கும் பொதுவான முதற்படி.

பணம் மட்டுமே அடைக்கலம் என்று எண்ணலாகாது. நம்பிச் சொன்ன சொல்லும் அடைக்கலமே. 2008 செப்டம்பர் 23-ஆம் நாள், வாரன் பஃபெட்டின் நிறுவனம் ஐந்நூறு கோடி டாலரைக் கோல்ட்மன் ஸாக்ஸில் முதலிடப்போகிறது என்ற செய்தி அவ்வங்கியின் இயக்குநர் குழுவில் தொலைபேசி வழியே பேசப்பட்டது. பேச்சு முடிந்த சில நொடிகளுக்குள், இயக்குநர்களுள் ஒருவரான ரஜத் குப்தா, கொழும்பில் பிறந்த தமிழரும் காலியன் என்னும் நிதியின் தலைவருமான ராஜ் ராஜரத்தினத்தைத் தொலைபேசியில் அழைத்தார். சந்தை மூடுவதற்குள் காலியன் அந்த வங்கியின் பங்குகளை வாங்கியது. வேறு பல செய்திகளையும் இவ்வாறு பெற்று ஆதாயம் அடைந்ததற்காக ராஜரத்தினம் 2011-இல் 11 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். 2012-இல் குப்தா இரண்டாண்டு பெற்றார். இருவரும் வறுமையில் வாடியவர் அல்லர். கல்வியாலும் செல்வத்தாலும் உலகம் வியக்கும் நிலையில் இருந்தவர்களே. மிகப் பெரிய மனிதரும் ஒரு சிறிய தொலைபேசி அழைப்பில் தம்மை இழக்க நேர்ந்தது. நம்பிச் சொன்னதை வெளியிடாமல் காப்பது பணப்பெட்டியைக் காப்பதைவிடக் கடினம். ஏனெனில் சொல் எடுத்துச் செல்லப்பட்டபின்னும் இருந்த இடத்திலேயே இருப்பதுபோல் தோன்றும்.

இவ்விடத்தில், "எஜமானன் சொன்னதைச் செய்தேன், பாபம் அவனைச் சேரும்" என்று கூறுவோர் உளர். 1850-இல் தோன்றிய லேமன் பிரதர்ஸ் என்னும் வங்கி 2008 செப்டம்பர் 15-ஆம் நாள் திவாலாகி, உலகமெங்கும் கோடிக்கணக்கானோரின் வாழ்வைக் கலக்கியது. அவ்வங்கி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு வெளியிடும் நாளை ஒட்டி, ஏறக்குறைய ஐயாயிரம் கோடி டாலர் மதிப்புள்ள பத்திரங்களை விற்றதுபோல் சில நாட்களுக்கு அப்புறப்படுத்தி, கடன் குறைந்ததாகக் காட்டிப் பின் திரும்பப் பெற்றது என்று 2010-இல் வெளியான நீதிமன்ற ஆய்வறிக்கை கூறிற்று. ஒவ்வொரு முறையும் அதைச் செய்து முடித்த குமாஸ்தாக்களும் அதிகாரிகளும் எத்தனை பேர்! அவர்கள் நடுவே மாத்யூ லீ என்ற மூத்த அதிகாரி 2008 மே மாதத்தில், கணக்குகள் உண்மை நிலையைக் காட்டவில்லை என மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். சில வாரங்களில் அவருக்கு வேலை போயிற்று. நான்கு மாதங்களில் வங்கியே போயிற்று.

ஸ்ரீராமாயணத்தில் இராவணனிடம் பணிபுரிந்தோர் மூவரை இங்கு நினைக்கலாம். மாரீசன், இது தகாது என்று எச்சரித்தான். பயமுறுத்தப்பட்டதும் பொன்மானாக உருக்கொண்டான். கும்பகர்ணன் குற்றத்தை எடுத்துச் சொன்னான். ஆயினும் உண்ட சோற்றுக்கு உயிரைக் கொடுத்தான். விபீஷணன் சொல்லிச் சொல்லிப் பார்த்து, கேளாதபோது விலகினான். மூவரும் உண்மையை அறிந்தவர்களே; மூவரும் அதைச் சொன்னவர்களே. சொன்னது மட்டும் போதுமானால் மாரீசனும் விபீஷணனும் ஒன்றாகிவிடுவர். அவர்களை வேறுபடுத்துவது, சொன்ன பின் கை என்ன செய்தது என்பதே. எஜமானன் வாங்குவது நம் உழைப்பை. நம் மனச்சாட்சியை விற்கும் உரிமை நமக்கே இல்லை. ஆத்மாவும் எம்பெருமானுடைய பொருள் என்பது நம் ஸித்தாந்தம். அதனைத் தன்னுடையதென்று நினைப்பதே களவு என்கையில், பிறருக்கு விலை பேசுவது எவ்வளவு பெரிய களவு!

ஆனால் மண்டபத்தில் இருந்துகொண்டு இவ்வாறு உபதேசிப்பது எளிது என்பதையும் உணர்ந்தே எழுதுகிறேன். அமெரிக்காவில் ஹெச்-1பி விசாவில் இருப்பவர் வேலையை இழந்தால், வேறு வேலையோ வேறு வழியோ பெரும்பாலும் 60 நாளுக்குள் தேடிக்கொள்ள வேண்டும்; இன்றேல் ஊரைவிட்டுப் புறப்பட வேண்டும். கல்விக் கடன், வீட்டுக் கடன், தந்தையின் வைத்தியம், தங்கையின் விவாஹம், பள்ளியில் படிக்கும் குழந்தை ஆகிய யாவும் அந்த அறுபது நாளில் தொங்குகின்றன. எல்லோரும் ஒரே நாளில் விபீஷணனாகிவிட இயலாது. விபீஷணனும் முதல் நாளே வெளியேறவில்லையே. ஆகவே அந்த இளைஞருக்கு அடியேன் சொன்னது இவ்வளவுதான்: "நான்கு என்று நீர் நம்பினால் நான்கு என்றே எழுதும். ஐந்து வேண்டும் என்பவரை, அதற்குரிய காரணத்தைத் தம் கையால் எழுதித் தரச் சொல்லும். தந்த காரணம் உம் நெஞ்சுக்கு ஒத்தால் மாற்றும். ஒவ்வாவிடில் உம் பெயரை அதில் இடாதீர். வேறு பிரிவுக்கு மாற்றம் கேளும். அதுவும் இல்லையெனில், விலகவேண்டிய நாளுக்காக இன்றிலிருந்தே செலவைச் சுருக்கிச் சேமியும்." இந்தக் கடைசி வார்த்தையே முக்கியமானது. ஆறு மாதச் செலவுக்குக் கையில் பணம் உள்ளவனுக்கே மறுக்கும் துணிவு எளிதில் உண்டாகும். ஆடம்பரம் ஒருவனை ஏழையாக்குவதோடு நிற்பதில்லை, ஊமையாகவும் ஆக்கிவிடுகிறது.

இனி போனஸ் என்னும் இலாபப் பங்கைப் பற்றிச் சில வார்த்தைகள். இதுவும் நமக்குப் புதிதன்று. இரங்கூனில் வட்டிக்கடை நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார், பிரதிநிதிகளை மூன்றாண்டுத் தவணைக்கு அனுப்பி, சம்பளமும் இலாபத்தில் ஒரு பங்கும் அளித்தனர். தவணை முடிவில் கணக்கு முழுவதும் ஒப்படைக்கப்படும். நஷ்டம் வந்தால் முதலாளியின் சொந்தச் சொத்தே அதைத் தாங்கியது. இன்றைய வங்கியிலோ இலாபத்தில் பங்கு உண்டு. நஷ்டத்தில் பங்கு பெரும்பாலும் வேலை போவது வரையில்தான். இலாபம் எனக்கு, நஷ்டம் பிறருக்கு என்னும் ஏற்பாடு நல்லவனையும் துணிந்து சூதாடச் செய்யும். இதனை உணர்ந்தே ஐரோப்பிய நாடுகள் 2014 முதல் போனஸுக்கு உச்சவரம்பு விதித்தன. இங்கிலாந்து 2023-இல் அவ்வரம்பை நீக்கிக்கொண்டது. சட்டம் வரும், போகும். பங்கு வாங்குமுன் இந்நஷ்டம் யாரைச் சேரும் என்று கேட்கும் நெஞ்சு போகலாகாது.

அந்த இரங்கூன் வரலாற்றிலேயே மற்றொரு பாடமும் அடங்கியிருக்கிறது. நகரத்தாருடைய கணக்கு நேர்மை பேர்பெற்றது. ஆயினும் 1930-களில் உலகெங்கும் நெல்விலை வீழ்ந்தபோது, பர்மிய உழவர்கள் கடனைக் கட்ட முடியாமல் நிலத்தை இழந்தனர். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் ஏறக்குறைய 6 சதவீத நிலம் நகரத்தார் கையில் இருந்தது; அப்பத்தாண்டின் இறுதிக்குள் அது நாலில் ஒரு பங்கு ஆயிற்று. நிலத்தை வாங்குவது அவர்கள் விருப்பமன்று. பணமே அவர்கள் வேண்டியது. கொடுத்தவருக்குக் கணக்கு நேராயிருந்தும் மூன்றாமவன் ஒருவன் வீதியில் நின்றான். 2008-க்கு முன் அமெரிக்காவில் திருப்பிக் கட்ட இயலாதவருக்கு வீட்டுக்கடன் கொடுத்து, அக்கடன்களை மூட்டை கட்டி, ஒருவர் மற்றொருவருக்கு விற்று, அவர் வேறொருவருக்கு விற்றபோதும் இவ்வாறே நிகழ்ந்தது. கைமாறக் கைமாற, ஒரு வீடும் ஒரு குடும்பமும் வெறும் இலக்கமாயின. ஆகவே அடைக்கலம் கொடுத்தவனை மட்டும் நினைத்தால் போதாது. கம்ப்யூட்டர்த் திரையில் தோன்றும் இலக்கத்துக்கு அப்பால் ஒரு முகம் உண்டு என்பதையும் நினைக்க வேண்டும்.

இதுவரை வெளிநாட்டில் உள்ளோரைப் பற்றி எழுதினேன். ஊரில் இருக்கும் நமக்கும் இதில் பங்கு உண்டு. வாரந்தோறும் தொலைபேசியில் பேசும்போது, "இவ்வருஷம் போனஸ் எவ்வளவு?" என்று கேட்கிறோம். "அடுத்த வீட்டுப் பிள்ளை தில்லைநகரில் இரண்டாவது ஃபிளாட் வாங்கிவிட்டான்" என்று சொல்லாமற் சொல்லித் தூண்டுகிறோம். "வேலை உன் நெஞ்சுக்கு ஒத்திருக்கிறதா?" என்று எத்தனை பேர் கேட்டோம்? பெற்றவர் கேட்காத கேள்வியைப் பிள்ளை தனக்குத்தானே கேட்டுக்கொள்வது அரிது. கோயிலைச் சேர்ந்த எங்களுக்கும் இது பொருந்தும். இம்மலரைப் போன்ற மலர்களில் கைங்கர்யதாரர்களின் பெயர்கள் அச்சாகின்றன. மனமுவந்து அளித்த அவர்களை எம்பெருமான் காப்பானாக. ஆனால் தகாத வழியில் வந்த பொருள் உண்டியலில் விழுந்த மாத்திரத்தில் தூய்மை அடைந்துவிடும் என்று எவரும் எண்ண வேண்டா. உடையவனுக்குத் திருப்பித் தரவேண்டிய பொருளை எம்பெருமானுக்குத் தருவது தானமாகாது.

நேர்மையாகக் காத்தவனுக்கு என்ன பலன் என்று கேட்கலாம். நம் ஊர் வரலாறே அதற்கு விடை தரும். 1323-ஆம் ஆண்டுப் படையெடுப்பின்போது, வயது முதிர்ந்த பிள்ளை லோகாசார்யரும் அவரோடு சென்றவர்களும் உத்ஸவமூர்த்தியை மறைவாக எழுந்தருளச் செய்து காத்தனர். ஆசார்யர் வழியிலேயே, மதுரைக்கு அருகில் ஜ்யோதிஷ்குடியில் திருநாடு அலங்கரித்தார். பெருமாள் பல தேசங்கள் கடந்து, 1371-இல் கோபணாரியர் முயற்சியால் மீண்டும் திருவரங்கம் எழுந்தருளினார். இடையே 48 ஆண்டுகள். புறப்படும்போது உடன் சென்றவர்களுள் மிகப் பலர் திரும்பியதைக் காணவில்லை. காணப்போவதில்லை என்று தெரிந்தும் காத்தார்கள்.

திரும்பிய திருமேனி இதுதானா என்று உறுதி சொல்ல அப்போது ஊரில் தக்கவர் இல்லை. அதிகாரிகளால் இயலவில்லை, பண்டிதர்களால் இயலவில்லை. பெருமாளுடைய திருப்பரிவட்டங்களை முன்னாளில் வெளுத்துவந்த, கண்பார்வை இழந்த ஒரு முதிய ஈரங்கொல்லிதான், திருமஞ்சன ஈரவாடைத் தீர்த்தத்தின் மணத்தையும் சுவையையும் கொண்டு, "இவரே நம் பெருமாள்" என்று சொன்னார் எனக் கோயில் மரபு கூறுகிறது. அன்று முதல் அதுவே திருநாமமாயிற்று. அவர் சபையில் முன்னின்றவர் அல்லர். இன்றைய மொழியில் பின்கட்டு அலுவலர். தம் கைக்கு வந்த சிறிய வேலையை நாள்தோறும் பொய்யின்றிச் செய்தவர். ஊர் முழுவதும் ஐயுற்று நின்ற வேளையில், உண்மையை அடையாளம் காட்ட அவர் ஒருவரே இருந்தார். அயல்நாட்டு அலுவலகத்தில் நள்ளிரவில் ஓர் இலக்கத்தின் முன் அமர்ந்திருக்கும் நம் குழந்தைகள் அவரை நினைத்துக்கொள்வார்களாக.